கண்ணு என்றொரு வேலை

பூதத்தின் தலை எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் நுழையவில்லை. நான்கு பேர் சேர்ந்து பெட்டியைப் படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், சரியாக என் வீட்டு வாசலில், பெட்டி சிக்கிக்கொண்டது. நான் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கதவை நான் காலையிலிருந்தே மூடவில்லை.

"கொஞ்சம் உள்ள போங்கம்மா, கை நழுவினா பூதம் போயிடும்" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"போனா போகட்டும். என் கதவுல கீறல் விழாம பாத்துக்க" என்றேன்.

பின்னாலேயே கேமரா வந்தது, விளக்கு வந்தது, கையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து உதட்டுச் சாயம் சரிபார்த்தபடி தொகுப்பாளினி வந்தாள். எல்லாம் எனக்கு நேர் மேலே, மூன்றாம் மாடிக்குப் போயின. நானும் போனேன். அழைத்தார்களா என்றால், படி பொதுப்படி.

மேல்வீட்டுக்காரரை ஊரே 'தல' என்றுதான் சொல்லும். இருபது வருடத்துக்கு முன் எல்லாரையும் அழவைத்த ஒரு படத்தில் ஏரிப்பூதம் ஒன்று வருமே, கன்றுக்குட்டி அளவு தலையும் சுருக்கம் விழுந்த கழுத்துமாக, அதை ஆட்டி உயிர் கொடுத்தவர். வலது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கியே இருக்கும். அத்தனை நாள் பூதத்தின் கழுத்துக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றதால் வந்த தழும்பு மாதிரி அது. யாராவது பேச்சுக் கொடுத்தால் மெதுவாக, கனமாகத் தலையைத் திருப்புவார். நாங்கள் எல்லாரும் அது கம்பீரம் என்று நினைத்திருந்தோம். கழுத்துப் பிடிப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் மனைவி தெருமுனைக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஆள் உள்ளே நுழையும்போதே மூக்குக்கு எந்தச் சட்டம் நிற்கும், காதுக்கு எந்தக் கம்பி வளையும் என்று சொல்லிவிடுவாள். அவளை அவர் 'கண்ணு' என்று கூப்பிடுவார். "கண்ணு, துண்டு எங்க?" "கண்ணு, கதவைத் தட்டறாங்க பாரு." எங்கள் இரண்டு சமையலறைக்கும் ஒரே புகைப்போக்கி. மேலே ஸ்பூன் விழுந்தால் பெரிய ஸ்பூனா சின்ன ஸ்பூனா என்று எனக்குத் தெரியும். அப்படி இருக்க இந்தக் 'கண்ணு' என் காதில் விழாமல் இருக்குமா? என் வீட்டுக்காரர் என்னை இத்தனை வருடமாக "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறார். மேலேயிருந்து 'கண்ணு' கேட்கும்போதெல்லாம் கரண்டியால் புகைப்போக்கியைக் காட்டி, "கேட்டீங்களா?" என்பேன். அவர் பேப்பரைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

அந்தப் பொறாமையை எனக்குத் தீர்த்துவைத்தவர் வாலு.

வாலு என்பவர் அவர்களுடைய பழைய தொழில் கூட்டாளி. நல்ல பருமன். மாதம் ஒரு முறை மேல்வீட்டுக்கு வருவார். லிஃப்ட் பழுதான நாட்களில் இரண்டாம் மாடியோடு மூச்சு நின்றுவிடும், என் வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தகவல் என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

"எங்க தொழில்ல யாருக்கும் பேர் கிடையாதுங்க. பிடிச்ச பாகம்தான் பேரு" என்றார் ஒரு நாள். "தலையப் பிடிச்சவர் தல. நான் வால் பிடிச்சேன், வாலு. எங்க வீட்லயும் அப்படித்தான் கூப்பிடுறா. அது தொழிலுக்கா குணத்துக்கான்னு நான் கேட்டுக்கறதில்ல."

"அப்போ அவர் அவங்கள கண்ணுன்னு கூப்பிடறது?"

"அண்ணிதாங்க பூதத்துக்குக் கண்ணு! கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தப் பேரு. ஒலிபெருக்கில கத்துவாங்க, 'தல ரெடியா, கண்ணு ரெடியா, வாலு ரெடியா'ன்னு. அதைப் போய் நீங்க கொஞ்சல்னு நெனச்சீங்களா?"

நெனச்சேன் என்று சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் "இந்தா" என்றபோது அது அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை.

அப்புறம் சும்மா இருப்பேனா? அடுத்தடுத்த தண்ணீருக்கு மீதியையும் வாங்கினேன்.

பூதத்தை ஐந்து பேர் ஓட்டியிருக்கிறார்கள். பெரிய தண்ணீர்த் தொட்டி, அதில் இடுப்பளவு தண்ணீர், மேலே பலகை மூடி. தல கழுத்துக்குள் கையை விட்டு நிற்பார். இரண்டு பேர் கை, கால். வாலு தண்ணீருக்கு அடியிலேயே கிடப்பார், வருடம் முழுக்கச் சளி. கண்ணு மட்டும் தொட்டியின் ஓரத்தில் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு பெட்டி. அதில் இரண்டு குச்சிகள், ஒன்று பார்வைக்கு, ஒன்று இமைக்கு. எதிரே ஒரு சின்ன டிவி. கேமராவுக்கு பூதம் எப்படித் தெரிகிறது என்று அதில் பார்த்துக்கொண்டே குச்சியைத் தள்ள வேண்டும்.

"எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்" என்றார் வாலு. "முதல்ல கண்ணு, அப்புறம் தல, அப்புறம் உடம்பு. நீங்களே பாருங்க, உங்களை யாராவது கூப்பிட்டா முதல்ல எது திரும்புது? கண்ணுதானே? தலை முதல்ல திரும்பினா அது பொம்மை. கண்ணு முதல்ல திரும்பினா அது உசுரு. அதனால கண்ணு எந்தப் பக்கம் போகுதோ தல அந்தப் பக்கம் போயாகணும். கேள்வியே கிடையாது."

ஆக, எங்கள் கட்டடமே தல என்று கொண்டாடிய மனிதர் அத்தனை வருடமும் மனைவியின் குச்சி போன பக்கம் போனவர். இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க உள்ளே போய் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பூதம் ஏரிக்குத் திரும்பிப் போக வேண்டும். கரையில் அந்தச் சின்னப் பெண் நிற்கிறாள். பூதம் ஏரியைப் பார்த்து நகரப்போகிற நேரத்தில் கண் மட்டும் அவள் பக்கம் போகும். நிற்கும். ஒரு இமைப்பு. பிறகு தலை, போக மனமில்லாத மாதிரி, மெதுவாகத் திரும்பும். இரண்டு நொடி இருக்கலாம். நான் அதற்காகவே மூன்று முறை தியேட்டருக்குப் போனேன். மூன்றாவது முறை இரண்டு கைக்குட்டைகளோடு போனேன். பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் தல சொல்வார்: "அந்த இடத்துல எனக்குள்ள ஏதோ ஒண்ணு 'திரும்பு'ன்னு சொல்லிச்சு."

சொன்னது உள்ளே இருந்த ஏதோ ஒன்று இல்லை. வாளியில் உட்கார்ந்திருந்த மனைவி.

"தப்புங்க அது, வெறும் தப்பு" என்றார் வாலு. "டிவி கண்ணாடி இல்லைங்க. கண்ணாடில நம்ம வலது கை வலப்பக்கமே தெரியும். டிவில மாறித் தெரியும். எங்க வேலைக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் முதல் வாரம் இதுல ஏமாந்து, பூதத்தை எதிர்ப்பக்கம் பார்க்க வெச்சுத் திட்டு வாங்குவாங்க. அண்ணி ஆறு வருஷம் ஊறின ஆளு. ஆனா அன்னிக்கு ஏழு மணி நேரமா வேலை, கண்ணெல்லாம் சொருகுது. ஏரிப்பக்கம் தள்ள வேண்டிய குச்சியைப் பொண்ணுப்பக்கம் தள்ளிட்டாங்க. தள்ளினதும் தெரிஞ்சுபோச்சு, ஒரு தடவை இமைச்சாங்க. தலக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. ஒரு நொடி முழிச்சார். சட்டம் சட்டம்தானே? பின்னாடியே போனார். செத்தோம்னு நெனச்சு வெளிய எட்டிப் பாக்கறோம், டைரக்டர் நாற்காலியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு இருக்கார். 'யாரு? யாருய்யா திருப்பினது?'ன்னு கேட்டார். தல தொட்டிக்குள்ள இருந்து கையைத் தூக்கினார்."

"அவங்க எங்க இருந்தாங்க?"

"அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க."

"ஐயோ பாவம்."

"பூதத்தோட கண்ணைங்க. வழவழப்புக்குத் தடவற பசை உள்ள இறங்கினா இமை ஒட்டிக்கும்."

படத்தின் முடிவில் எழுத்து ஓடியபோது 'பூதத்தை இயக்கியவர்' என்று அவர் பெயரும், அதன் கீழே 'குழுவினர்' என்று ஒரு சொல்லும் வந்தன. அந்தச் சொல்லுக்குள் அவளும் வாலுவும் மற்ற இருவரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மகள் பிறந்தாள். வீட்டுக்கு ஒருத்தர் தண்ணீருக்குள் நின்றால் போதும் என்று தல சொன்னாராம். அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

இத்தனை நாளும் இது புகைப்போக்கி வழியாகக் கீழே இறங்கியதே இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வருவதற்கு முந்தின வாரம்தான் இறங்கியது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வரி போதும். 'பூதத்துக்குக் கண்ணு ஓட்டினது இவ'ன்னு கேமராவைப் பாத்துச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல?"

"பத்திரிகைக்காரன் வந்தப்பவும் இப்படித்தான் சொன்னீங்க."

"அவன் போடலைன்னா நான் என்ன பண்றது?"

"அவன் நீங்க சொன்னதைத்தான் போட்டான்."

தண்ணீர்க் குழாய் திறந்து மூடிய சத்தம். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நறுக்குகிற சத்தத்தில் ஒரு சொல் போய்விட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

"அதே பூதத்தை வெச்சு ரெண்டாம் படம் எடுக்கறாங்க. பழைய ஆளுங்களையே கூப்பிடப் போறாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. கம்பெனில இப்ப இருக்கறவங்க எல்லாரும் புதுசு. யார் எந்தப் பாகம்னு எங்கயும் எழுதி வெக்கல. உங்க வாய் சொல்றதுதான் அவங்களுக்கு. எனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது. இதை விட்டா இனிமே கிடையாது."

"சரி, கண்ணு நீதான்னு சொல்லிடறேன். உடனே அடுத்த கேள்வி வரும், திரும்பிப் பாத்தது யாரு யோசனைன்னு. என்னன்னு சொல்ல? இவ குச்சியைத் தப்பாத் தள்ளிட்டான்னா? உனக்குத்தான் கேவலம்."

"எனக்கு ஒண்ணும் கேவலமில்ல. சொல்லுங்க."

பெரிய ஸ்பூன் ஒன்று விழுந்தது.

மறுநாளிலிருந்து மேலே ஒரு புதுச் சத்தம். டக். டக் டக். வாலுவிடமிருந்து பழைய பெட்டியை வாங்கிவந்து, கடை முடிந்து வந்ததும் சமையல் மேடையில் வைத்துப் பழகுகிறாள் என்று வாலுவே சொன்னார். ஒரு டக் என்றால் பார்வை, இரண்டு டக் என்றால் இமை. படத்துக்கு ஒத்திகை வந்தால் வேண்டுமே என்று கடையில் ஒரு வாரம் விடுப்பும் கேட்டுவிட்டாள். நான் அவள் பக்கம்தான். என் கதையை நானே சொல்வதால் இதைச் சேர்த்துக்கொள்கிறேன், பின்னால் வருவதைப் படித்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மேல்வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, கறுப்புத் துணி போட்டு, அதன் மேல் பூதத்தின் தலையை வைத்திருந்தார்கள். இருபது வருடத்தில் ரப்பர் தோல் வெடித்து, காதோரம் பவுடர் பூசி மறைத்திருந்தது. கட்டடத்திலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தோம். முதல் மாடி ஓய்வுபெற்ற வங்கிக்காரர், காலரில் மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் நின்றார். நான் அலமாரி மேல்தட்டில் இருந்ததை எடுத்து உடுத்தியிருந்தேன் என்பது தனி விஷயம்.

அவளை முதலில் டீத் தட்டோடு நடந்து வரச் சொன்னார்கள். நடந்தாள். விளக்கு சரியில்லை என்று இன்னொரு முறை. மூன்றாவது முறை டீ ஆறிவிட்டது, ஆவி வரவில்லை என்று சொன்னார்கள். அவள் கண் ஒவ்வொரு முறையும் தலயின் பக்கம் போய் வந்தது. இப்போது சொல்வார், இதோ சொல்வார்.

அவர் பேசினார். நன்றாகவே பேசினார். தொட்டி, தண்ணீர், ரப்பர், பசை. "எனக்குள்ள ஏதோ ஒண்ணு" வந்தது. தொகுப்பாளினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், ஒரு சின்ன ஆசை. எங்களுக்காக ஒரு தடவை பூதத்தை உயிரோட காட்டுவீங்களா?"

"அதுக்கென்ன?" என்று எழுந்து மேசைக்குப் பின்னால் மண்டியிட்டார். கழுத்துக்குள் கையை விட்டார். தூக்கிய தோள் சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்த உடம்பே அதற்காக வளைந்தது போல இருந்தது. பிறகு கூப்பிட்டார்:

"கண்ணு, வா. பெட்டியை எடு."

"அச்சச்சோ!" என்றாள் தொகுப்பாளினி. "கண்ணுன்னா கூப்பிடுவீங்க? எவ்வளவு ஸ்வீட்!"

கூடமே 'ஆ' என்று உருகியது.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி முழித்தார். வாலு சொன்ன அதே முழி. அது கொஞ்சலில்லைம்மா, வேலைப் பேரு, பூதத்துக்குக் கண்ணு இவதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? டீயின் ஆவி அடங்குவதற்குள் சொல்லியிருக்கலாம். கேமரா அவர் மேல்தான் இருந்தது. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அவர் சிரித்தார்.

"ஆமாம்மா. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அப்படித்தான். இந்தக் கண்ணு இல்லாம இந்தத் தல இல்ல."

கைதட்டல். வங்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொகுப்பாளினி, "ஒவ்வொருத்தருக்கும் வீட்ல இப்படி ஒரு கண்ணு இருக்கணும்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. கொடுமை அதுதான். பொய் சொல்லியிருந்தால் சண்டைக்காவது போகலாம்.

அவள் குச்சிகளைப் பிடித்தாள். டக்.

அந்த வெடித்த ரப்பர் கண் விழித்தது. நான் சும்மா சொல்லவில்லை, என் பின்கழுத்தில் முடி எழுந்தது. முதலில் கண் தொகுப்பாளினியிடம் போனது, பிறகு தலை. கண் வங்கிக்காரரிடம் போனது, அவரை மேலிருந்து கீழாக அளந்தது, ஒரு தடவை இமைத்தது, கூடம் சிரித்தது. கண் என்னிடம் வந்தது. நின்றது. வாசலில் நான் எட்டிப் பார்த்த எல்லா நாட்களையும் அது எண்ணி வைத்திருந்த மாதிரி இருந்தது. நான் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டேன். ஒரு பொம்மைக்கு முன்னால்.

"அந்தத் திரும்பிப் பாக்கறது, சார்! அது ஒரே ஒரு தடவை!"

தொகுப்பாளினி அந்தச் சின்னப் பெண்ணின் இடத்தில் போய் நின்றுகொண்டாள். பூதம் சன்னலைப் பார்த்தது. அதுதான் ஏரி. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம்.

கண் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

தலயின் கை அசையவில்லை. அவர் காத்திருந்தார். கண் போகாமல் தலை போகாது, அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது. நான்கு நொடி ஆனது. ஆறு ஆனது. மேசைக்குப் பின்னாலிருந்து அவர் குரல், மிகச் சின்னதாக: "கண்ணு... திரும்பு."

அவள் குச்சியின் மேல் விரலை வைத்தபடி இருந்தாள். பூதம் சன்னலைப் பார்த்தது.

கடைசியில் அவரே திருப்பினார். தலை மட்டும் திரும்பியது, கண் நேராக நின்றது. கடையில் சாவி கொடுத்த பொம்மை திரும்புமே, அப்படி. யாரோ ஒரு குழந்தை முன்வரிசையில் இருந்திருந்தால் சிரித்திருக்கும்.

"என்ன சார் ஆச்சு?"

ஒரு சந்தர்ப்பம் இன்னும் மிச்சமிருந்தது. 'கண்ணு திருப்பினால்தான் தல திரும்பும்' என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் பூதத்தின் கழுத்திலிருந்து கையை உருவிக்கொண்டு எழுந்தார். வியர்த்திருந்தது.

"கண்ணு மெஷின் பழசாயிடுச்சும்மா. சரியா வேலை செய்யல" என்றார்.

டக் டக். பூதத்தின் இமைகள் மூடின. அவள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, ஆறிப்போன டீ டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இனி என் பங்கு. கீழே இறங்கும்போது, என் வாசலிலேயே தொகுப்பாளினி என்னை நிறுத்தினாள். "ஆன்ட்டி, நீங்க கீழ்வீடா? சாரையும் மேடத்தையும் பத்தி ரெண்டு வார்த்தை?" கேமரா திரும்பியது. வெளிச்சம் முகத்தில் விழுந்தது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தொட்டி தெரியும், வாளி தெரியும், குச்சி எந்தப் பக்கம் போனது என்று தெரியும். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் எல்லாரும் சிரித்த முகமாக ஏதோ நல்லதாகக் கேட்க நிற்கும்போது, மேலே அப்படி, கீழே இப்படி என்று ஆரம்பித்தால் என்னைக் காட்டவே மாட்டார்களோ என்று ஒரு நினைப்பு.

"அவர் கண்ணுன்னு கூப்பிடறதைக் கேட்டா எங்களுக்கெல்லாம் பொறாமையா இருக்கும்" என்றேன்.

பதினோரு நொடி என்னைக் காட்டினார்கள். திரும்பிப் பார்க்கும் இடத்துக்குப் பழைய படத்தின் காட்சியையே போட்டுக்கொண்டார்கள். அவள் டீத் தட்டோடு நடந்து வந்தபோது கீழே எழுத்து வந்தது: 'மனைவி. செல்லமாகக் கண்ணு என்று அழைக்கிறார்.' அதற்கு அடுத்து நான் வந்தேன், சாட்சி சொல்ல.

ஒளிபரப்பான அன்று புகைப்போக்கியில் கேட்டது இவ்வளவுதான்.

"சொன்னேன்ல? எல்லார் முன்னாடியும் சொன்னேன்ல, கண்ணு இல்லாம தல இல்லன்னு?"

"யாருக்குப் புரியறதுக்குச் சொன்னீங்க?"

அதற்கப்புறம் ஸ்பூன்கூட விழவில்லை.

மூன்று வாரம் கழித்து வாலு வந்தார். லிஃப்ட் வேலை செய்தும் படியேறி வந்தார், அவ்வளவு உற்சாகம். கையில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. "கம்பெனில கூப்பிட்டுட்டாங்கங்க! தலதான் மொத்தத்துக்கும் பொறுப்பு. எனக்கு ப்ரமோஷன். வாலுலேருந்து கண்ணு!"

நான் தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டேன். "கண்ணா? நீங்களா?"

"ஆமாங்க. அண்ணிக்கு இனிமே இஷ்டமில்லையாமே. கடையே நிம்மதின்னு சொல்லிட்டாங்களாம், தல சொன்னார். அதான் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு."

நான் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்தது அவள்தான். வாலு டப்பாவை நீட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவள் கேட்டாள். சொல்லிக்கொண்டே போன மனிதருக்குப் பாதியில் ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"நீங்க வரமாட்டீங்கன்னாரே, அண்ணி..." குரல் இறங்கிவிட்டது. "நான் கேட்டேன், நிஜமா கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்."

"நீ பண்ணு" என்றாள். "டிவியைப் பாத்து ஏமாந்துடாத. பக்கம் மாறித் தெரியும்."

உள்ளே போய் ஒரு பெரிய கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள், கடையில் வெயில் கண்ணாடிக்குத் தருவார்களே, அது. பஞ்சுக்குள் பூதத்தின் மாற்றுக் கண்கள் இரண்டு இருந்தன. "உபரி. ஒண்ணு உடைஞ்சா வேணும்." வாலு அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். பிஸ்கட் டப்பாவையும் மறந்து திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் பொறுத்தேன். எனக்கு அதற்கு மேல் முடியாது. படிக்கிற கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கடைக்குப் போனேன். என் மூக்கில் ஒரு சட்டத்தை மாட்டிவிட்டு, நேராகப் பார்க்கச் சொல்லி, எதிரே உட்கார்ந்தாள். இவ்வளவு கிட்டத்தில் நாங்கள் முகம் பார்த்துக்கொண்டதில்லை.

"அன்னிக்கு வேணும்னேதானே திருப்பல?" என்று கேட்டேன்.

"ஆடாதீங்க. அளவு தப்பிடும்."

"எனக்கு எல்லாம் தெரியும். வாலு சொன்னார்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். டிவியில பார்த்தேன்." என் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே வளைத்தாள். "பொறாமையா இருக்கும்னீங்க."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எப்படியும் அது தெரியாம நடந்த தப்புதானே..." என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"தப்புதான்" என்றாள். சட்டத்தைக் கழற்றித் துணியால் துடைத்தாள். "பெரிசா சாதிச்சேன்னு நான் சொல்லலியே. தூக்கக் கலக்கத்துல தள்ளின குச்சி. ஆனா அந்தத் தப்பு என்னுது. வீட்ல இருக்கிற எல்லாம் அவருதுன்னு நானே விட்டுட்டேன். ஒரு தப்பையாவது எனக்குன்னு விட்டு வெச்சிருக்கலாம்." பிறகு சீட்டை எடுத்து அளவு எழுதினாள். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோங்க."

வியாழக்கிழமை நான் போகவில்லை. என் வீட்டுக்காரரை அனுப்பினேன்.

படப்பிடிப்புக்குத் தல கிளம்பிய காலையில் நான் வாசலில்தான் நின்றிருந்தேன். கம்பெனி வண்டி கீழே காத்திருந்தது. அவள் கடைக்கு நேரமாகிவிட்டதென்று முன்னால் இறங்கிவிட்டாள். என்னைக் கடந்து, தோளில் பையோடு, முதல் மாடித் திருப்பத்தில் இருந்தாள். மேலே கைப்பிடிக்கு மேல் குனிந்து அவர் கூப்பிட்டார். எதையோ மறந்துவிட்டார் போல, துண்டோ மாத்திரையோ.

"கண்ணு!"

வங்கிக்காரர் தன் வாசலில் பேப்பர் எடுத்துக்கொண்டிருந்தவர், கேட்டு முறுவலித்தார்.

"கண்ணு! ஏய், கண்ணு!"

நான் மேலேயிருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எது முதலில் திரும்புகிறது என்று பார்க்க எனக்கு இப்போது பழகிவிட்டது. கண் திரும்பவில்லை. அவள் கைப்பிடியில் விரல் வைத்து, ஒரே சீராக, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

அவர் கழுத்தை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"காதுல விழல போல" என்றார்.

"ஆமாம்" என்றேன் நான்.